ரிஹர்சல் டின்னர் மாப்பிள்ளை வீட்டுச் செலவாமே! யாரை அழைப்பது, யாரை விடுவது?

பென்ஹில்ஸ்_அம்மா
பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பிட்ஸ்பர்க் பக்கம் இருபத்தேழு வருடமாக இருக்கிறோம். பையனுக்கு ஜூன் முதல் வாரம் கல்யாணம். பெண் இந்த ஊர்க்காரிதான், ஸ்லோவாக் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம், அவள் தாத்தா எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை மதியம் சர்ச்சில், ஞாயிறு காலை 9லிருந்து 10:30க்குள் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவிலில் முகூர்த்தம்.

இதுவரை குழப்பமில்லை. போன வாரம் சம்பந்தி அம்மா போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், "வெள்ளிக்கிழமை ரிஹர்சல் டின்னருக்கு எந்த இடம் பார்த்திருக்கிறீர்கள்?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சமாளித்துவிட்டு மகனிடம் போய் நின்றால், "கல்யாணத்துக்கு முதல் நாள் சர்ச்சில ஒத்திகை முடிஞ்சதும் போடற விருந்து, அது நம்ம செலவும்மா, சொல்ல மறந்துட்டேன்" என்கிறான். இரண்டு வருடமாகக் கல்யாணத்தைப் பற்றியே பேசுகிறவன், இதை மட்டும் மறந்திருக்கிறான்.

என் சந்தேகம் இதுதான். மகன் கொடுத்த பட்டியலில் 34 பேர் இருக்கிறார்கள். தோழர்கள், தோழிகள், இரண்டு பக்கத்துப் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பாதிரியார், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மதியமே இந்தியாவிலிருந்து எங்கள் பக்கம் 22 பேர் வந்து ஹோட்டலில் இறங்கியிருப்பார்கள். பெரியவர்களை ரூமில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் போய் விருந்து சாப்பிடுவதா? என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
பிப்ரவரி 9

வாழ்த்துகள் மேடம். முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாகத் தெளியும்.

தனி அறை கொடுக்கும் ரெஸ்டாரன்ட் எதுவும் வாடகை என்று பெரும்பாலும் கேட்காது. இத்தனை டாலருக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகை சொல்வார்கள். அதில் வரியும் டிப்பும் சேராது, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஆளுக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலில் உள்ள 34 பேரோடு பெண், மாப்பிள்ளையும் சேர்த்து 36 பேருக்கு 2,160. உங்கள் அலிகெனி கவுண்டியில் வரி 7 சதவீதம், டிப் 20 சதவீதம். மொத்தம் 2,743 டாலர் ஆகிவிடும், இதில் ஒரு சொட்டு ஒயின்கூட இல்லை. இதே கணக்கில் 58 பேர் என்றால் 4,420ஐ ஒட்டி வரும். அதனால் இடம் தேடும் முன்னால் ஆள் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். இடத்தைப் பார்த்து மயங்கிவிட்டு ஆளைக் குறைத்தால் மனக்கசப்புதான் மிச்சம்.

டேட்டன்_பெரியவர்
பிப்ரவரி 10

அம்மா, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவன் சொல்கிறேன், மனதாரக் கொடுங்கள். நம் ஊரில் முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, ஜானவாசம், ராத்திரி டிபன், மறுநாள் காலை காபியிலிருந்து கட்டுசாதக்கூடை வரைக்கும் பெண்ணைப் பெற்றவன் தலையில். போதாததற்கு மாப்பிள்ளையின் மாமாவுக்குக் காபி ஆறிப்போய் வந்தது என்று வருகிற மூஞ்சித்தூக்கலும் அவனுக்கே. அமெரிக்காக்காரன் செய்த ஒரே நியாயமான சம்பிரதாயம் இது. முதல் நாள் ராத்திரி பெண்ணைப் பெற்றவன் ஒருவனாவது விருந்தாளியாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

சாம்பார்வடை
பிப்ரவரி 10

ஆன்ட்டி, நான் இதுவரை நாலு கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றிருக்கிறேன், அதனால் நாலு ரிஹர்சல் டின்னர் சாப்பிட்டிருக்கிறேன். முதலில் ரிஹர்சல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அதுதான் பிடிபடாது. நம் கல்யாணத்தில் ஒத்திகையே கிடையாது. சாஸ்திரிகள் "வலது கையை நீட்டு, இடது காலை மடக்கு" என்று அங்கேயே சொல்லுவார், நாம் தப்பாகச் செய்வோம், அவர் திட்டுவார், தாலி ஏறிவிடும். சர்ச்சில் அப்படி நடுவில் யாரும் சொல்லித்தர முடியாது. யார் யாரோடு நடந்து வருவது, எந்தப் பக்கம் நிற்பது, மோதிரம் யார் பாக்கெட்டில், எல்லாவற்றையும் முதல் நாளே ஒருமுறை நடந்து பார்ப்பார்கள். முக்கால் மணி நேரம் ஆகும். கல்யாணப் பெண் கையில் நிஜப் பூச்செண்டு இருக்காது. பிரைடல் ஷவரில், அதாவது கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு நடக்கும் பரிசு விருந்தில், வந்த பரிசுகளின் ரிப்பன்களையெல்லாம் ஒரு பேப்பர் தட்டில் கோத்துச் செண்டு மாதிரி செய்து கொடுத்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். பார்க்க அத்தனை அழகாக இருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள்.

நடந்து பார்த்தவர்கள் பசியோடு இருப்பார்கள், அவர்களுக்குப் போடுகிற சாப்பாடுதான் இந்த டின்னர். மூலம் அவ்வளவுதான். இப்போது பலர் இதைக் குட்டி ரிசெப்ஷன் ஆக்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வாழ்த்துப் பேச்சுக்கு வரம்பு வையுங்கள். நான் போன ஒரு டின்னரில் மைக் கைமாறிக்கொண்டே போனது, பதினோரு பேர் பேசினார்கள். எட்டாவது ஆள் மாப்பிள்ளையின் காலேஜ் ரூம்மேட், பழைய காதலி கதையை எடுத்துவிட்டான். பெண்ணின் அத்தை முட்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எடிசன்காரி
பிப்ரவரி 10

அக்கா, வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று இவர்கள் முறையில் கட்டாயம் இல்லை, ஆனால் கூப்பிடுவதும் வழக்கம்தான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தோழர் தோழிகளின் கணவன், மனைவி, ஜோடி, பூத்தூவுகிற குழந்தை வந்தால் அதன் அப்பா அம்மா, சர்ச்சில் பைபிள் வாசிக்கிறவர், இவர்களை விட்டால்தான் தவறு. உங்கள் மகன் பட்டியலில் ஜோடிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆண்பிள்ளைகள் போடும் பட்டியலில் அது எப்போதும் விடுபடும்.

என் யோசனை, 34 பேருக்கு மட்டும் ஆறரைக்கு டின்னர். எட்டரைக்கு மேல் எல்லோரும் வரலாம் என்று ஹோட்டல் லாபியை ஒட்டி ஒரு அறையில் காபி, ஸ்வீட். பெரியவர்களுக்கு ஹோட்டலுக்கே இட்லி, தயிர்சாதம் வரவழைத்துவிடுங்கள். செலவும் அடங்கும், மரியாதையும் போகாது.

ஊர்சுற்றி
பிப்ரவரி 11

எடிசன் அக்கா சொல்வது கணக்குக்குச் சரி, நம் ஆட்களுக்குச் சரிவராது. எங்கள் வீட்டில் என் தம்பி கல்யாணத்துக்கு இப்படித்தான் இரண்டு பந்தியாகப் பிரித்தோம். சித்தப்பாவுக்கு அறைக்கு டிபன் போனது. மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து என் பெண் பிறந்தநாளுக்கு போன் செய்தபோது, "எனக்கும் டிபனை ரூமுக்கு அனுப்பிடுவியா?" என்று கேட்டார்.

டேட்டன்_பெரியவர்
பிப்ரவரி 11

அப்படிப் போடுங்கள் உங்கள் சித்தப்பாவை!

ஸ்டீலர்ஸ்_மருமகன்
பிப்ரவரி 12

அக்கா, நானும் பிட்ஸ்பர்க்தான், பெண் எடுத்தது போலிஷ் குடும்பத்தில். பத்து வருட அனுபவத்தில் சொல்கிறேன், ரெஸ்டாரன்டை மறந்துவிடுங்கள். ரிஹர்சல் நடக்கிற அந்தச் சர்ச்சுக்கே கீழே ஒரு ஹால் இருக்கும், கேட்டுப் பாருங்கள். மாடியில் நடந்து பார்த்துவிட்டுப் படி இறங்கினால் சாப்பாடு. இந்தியாவிலிருந்து வந்தவர்களை வேனில் ஏற்றி இறக்க வேண்டாம், சுரங்கப்பாதை டிராபிக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டவும் வேண்டாம். மவுண்ட் வாஷிங்டன் மேலே போய் மூன்று ஆறும் தெரிகிற ஜன்னலோரம் விருந்து வைக்கிறவர்கள் வைக்கட்டும், அந்த விலைக்கு நீங்கள் 60 பேரைக் கூப்பிடலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் நம் கேட்டரிங், இன்னொரு பக்கம் பியரோகி. உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து அரைவட்டமாக மடித்து வேகவைத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு புரட்டித் தருவார்கள். சோமாசி உருவம், கொழுக்கட்டை குணம், நம் ஆட்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். ஒன்று கவனியுங்கள், ஹலுஷ்கி என்று முட்டைக்கோஸும் நூடுல்ஸும் கலந்து ஒன்று இருக்கிறது, பார்த்தால் சுத்த சைவம் மாதிரிதான் தெரியும், பாதி வீடுகளில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சி, போட்டுத்தான் வதக்குவார்கள். சூப்பில் சிக்கன் தண்ணீர், ஆப்பிள் பை மாவில் பன்றிக்கொழுப்பு, இதெல்லாம் அவர்கள் கணக்கில் அசைவமே இல்லை. வாய்விட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் குக்கி டேபிள் பற்றி யாராவது சொன்னார்களா?

பென்ஹில்ஸ்_அம்மா
பிப்ரவரி 12

தம்பி, ஹால் யோசனைக்குக் கோடி நன்றி, நாளைக்கே கேட்கிறேன். குக்கி டேபிளை மற்றவர்கள் கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் யார் செய்வது, நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா என்றெல்லாம் தெரியாது. அதுவும் எங்கள் செலவா?!

ஸ்டீலர்ஸ்_மருமகன்
பிப்ரவரி 12

செலவு இல்லை அக்கா, கௌரவம். அது வெள்ளிக்கிழமை டின்னருக்கு இல்லை, சனிக்கிழமை ரிசெப்ஷனுக்கு. பிட்ஸ்பர்க்கிலும் ஒஹையோவில் யங்ஸ்டவுன் பக்கமும்தான் இந்த வழக்கம் பலமாக இருக்கிறது. கேக் ஒரு பக்கம் இருக்கட்டும், ஜனங்கள் நேரே போவது குக்கி மேஜைக்குத்தான். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குப் பத்து டஜன், இருபது டஜன் சுட்டுக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு அரை டஜனாவது வர வேண்டும், ஒரு டஜன் என்றால் பெருமை. லேடி லாக் என்று கூம்பு மாதிரி சுற்றி உள்ளே கிரீம் அடைத்தது கட்டாயம் இருக்கும். இத்தாலியக் குடும்பம் என்றால் பிட்செல், அது இரும்பு அச்சில் வைத்து அழுத்தும் மெல்லிய வட்டம், நம் அச்சுமுறுக்கின் எண்ணெயில் போடாத தங்கை. போகும்போது டப்பாவில் போட்டு வீட்டுக்கும் கொண்டுபோவார்கள்.

நம் சீர்ப் பலகாரம் இதில் அப்படியே பொருந்தும். என் கல்யாணத்துக்கு அம்மா சேலத்திலிருந்து தட்டையும் தேன்குழலும் கொண்டுவந்தார், முதலில் காலியான தட்டு அதுதான். இப்போதும் என் மாமியாரின் தங்கை என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் தேன்குழலை விசாரிப்பார். முந்திரி, நிலக்கடலை இருந்தால் மட்டும் சீட்டு எழுதி வையுங்கள், இங்கே அலர்ஜி அதிகம்.

சாம்பார்வடை
பிப்ரவரி 13

சின்ன விஷயம் ஒன்று, பெரிய விஷயம். மேரேஜ் லைசென்ஸ். பென்சில்வேனியாவில் விண்ணப்பித்து மூன்று நாள் கழித்துத்தான் கையில் தருவார்கள், வாங்கினால் 60 நாள்தான் செல்லும். ரொம்ப முன்னாலும் வாங்காதீர்கள், கடைசி வாரத்துக்கும் வைக்காதீர்கள். ரிஹர்சலுக்கே கொண்டுபோய்ப் பாதிரியார் கையில் கொடுத்துவிட்டால் சனிக்கிழமை காலை யாரும் டிராயரைக் குடைய வேண்டாம்.

இன்னொன்று, இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அன்று மாலை ஆறரை என்றால் உடம்புக்கு விடியற்காலை நாலு மணி. எட்டு மணிக்கு மேல் யாரிடமும் உற்சாகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எடிசன்காரி
பிப்ரவரி 13

ஞாயிறு கோவிலுக்குத் தோழிகள் புடவை கட்டுவார்களா? அப்படியென்றால் வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே பிளவுஸைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு அனுப்பி ஊரில் தைத்து வாங்கிய பிளவுஸ் ஆறில் இரண்டு சேராது, இது என் சொந்த அனுபவம். ஒரு நாள் இருந்தால் பிரித்துத் தைத்துவிடலாம். தோழர்களுக்கு ஒட்டும் வேட்டி, வேறு பேச்சே வேண்டாம்.

பென்ஹில்ஸ்_அம்மா
பிப்ரவரி 20

ஹால் கிடைத்துவிட்டது. இரவு பத்துக்குள் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுக்க வேண்டுமாம். ஆள் 58, எல்லோரையும் கூப்பிடுகிறோம், ஊர்சுற்றி சாரின் சித்தப்பா என்னைத் தூங்கவிடவில்லை. சம்பந்தி அம்மாவிடம் பியரோகி என்றதும், வாங்கவே கூடாது, நாங்கள் செய்கிறோம் என்றுவிட்டார், அவர் தங்கைகள் இருவரும் வருகிறார்களாம். ஹலுஷ்கியில் பேக்கன் உண்டா என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டு பாத்திரமாகச் செய்கிறேன்" என்றார்.

இன்னொரு பிரச்சினை. சர்ச்சில் இரண்டு அம்மாக்களும் ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அதிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றை ஏற்றுவது உண்டல்லவா, பெண்ணுக்கு அதில் ரொம்ப ஆசை. பாதிரியார், அது திருமணச் சடங்கில் சேர்ந்தது இல்லை, வேண்டுமானால் டின்னரிலோ ரிசெப்ஷனிலோ வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை எடுத்துப்போய் வெள்ளிக்கிழமை ஏற்றலாமா என்று யோசிக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியுமா?

டேட்டன்_பெரியவர்
பிப்ரவரி 20

இரண்டு சம்பந்தியும் சேர்ந்து ஏற்றினால் யாருக்கம்மா அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும்? எடுத்துப்போங்கள். ஹாலில் எண்ணெய் விளக்கு ஏற்றலாமா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள், மேலே தண்ணீர் கொட்டுகிற கருவி இருந்தால் அதன் நேர் கீழே வைக்காதீர்கள்.

பென்ஹில்ஸ்_அம்மா
ஜூன் 18

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. களைப்பு இப்போதுதான் தீர்ந்தது, அதனால் தாமதம், மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்கிறேன், அடுத்தவருக்கு உதவும்.

சரிவராதது முதலில். இடம் கலந்து உட்காரட்டும் என்று ஒவ்வொரு மேஜைக்கும் பெயர்ச்சீட்டு எழுதி, அவர்கள் பக்கம் நாலு பேர், நம் பக்கம் நாலு பேர் என்று ராத்திரி ஒரு மணி வரை கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பத்தே நிமிடம். எங்கள் ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போய் ஒரே மேஜையைச் சுற்றிப் பதினாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் அப்படித்தான். கேட்டரிங்காரர் 40 நிமிடம் தாமதம், தயிர்சாதம் மட்டும் முதலில் வந்தது, மற்றதெல்லாம் பின்னால். பியரோகி மட்டும் அன்று இல்லாவிட்டால் மானம் போயிருக்கும். பெரியப்பா எட்டு சாப்பிட்டார், "உப்புக் கொழுக்கட்டை பிரமாதம், தேங்காய் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று சம்பந்தி அம்மாவிடமே சொல்லச் சொன்னார், நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். எட்டே கால் மணிக்கு அவர் உட்கார்ந்தபடியே தூங்கியும் போனார்.

பேச்சு மூன்றுதான். சாம்பார்வடை தம்பி, உங்கள் பதினோரு பேர் கதையை மகனிடம் சொல்லித்தான் மைக்கையே வாடகைக்கு எடுக்கவிடாமல் செய்தேன். டின்னர் கொடுப்பவர் என்பதால் என் வீட்டுக்காரர்தான் முதலில் பேச வேண்டும். பேப்பரில் எழுதி வைத்திருந்ததை வேறு சட்டையில் விட்டுவிட்டு வந்துவிட்டார். எழுந்து நின்று, வந்ததற்கு எல்லோருக்கும் நன்றி, ஞாயிறு காலை ஒன்பது மணி என்றால் எங்கள் உறவினர்களுக்கு ஒன்பதரை, உங்களுக்கு எட்டே முக்கால், நடுவில் யாராவது வந்தால் அது சாஸ்திரிகள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதைத்தான் மூன்று நாளும் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

விளக்கு. மேலே மின்விசிறி நிற்க மாட்டேன் என்றது, சுவிட்ச் எங்கே என்று ஹாலைத் திறந்துவிட்டவருக்கே தெரியவில்லை. நான் ஒரு முகம் ஏற்றினால் இன்னொன்று அணைகிறது. மூன்றாவது தடவை சம்பந்தி அம்மா மேஜையிலிருந்த பேப்பர் தட்டு இரண்டை எடுத்து இரண்டு பக்கமும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டார், அவர் தங்கை இன்னும் இரண்டு தட்டோடு ஓடிவந்தார், அப்படியே ஐந்து முகமும் ஏற்றினோம். மருமகள் அந்த ரிப்பன் செண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போட்டோவில் விளக்கே தெரியவில்லை, நாலு பேப்பர் தட்டும் எங்கள் முதுகும்தான்.

பிளவுஸ் இரண்டு சேரவில்லை, எடிசன் தங்கை சொன்ன அதே எண்ணிக்கை. சம்பந்தி அம்மாவின் இரண்டாவது தங்கை கைப்பையிலிருந்து ஊசிநூலை எடுத்து, ஹாலின் சமையலறையிலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். இடம் கலந்து உட்கார்ந்து பேசட்டும் என்று நான் சீட்டு எழுதியது நடக்கவில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் என் நாத்தனாரும் அவரும் தைத்துக்கொண்டே ஒன்பதரை வரை பேசினார்கள். என்ன மொழியில் என்று எனக்குத் தெரியாது.

மொத்தச் செலவு, ஹால் வாடகையோடு, 1,900 டாலருக்குள் முடிந்தது.

கணக்குப்பிள்ளை
ஜூன் 18

58 பேருக்கு 1,900! ஆளுக்கு 33 டாலர்கூட ஆகவில்லை. மேடம், பியரோகி செய்தவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?

பென்ஹில்ஸ்_அம்மா
ஜூன் 19

மூன்று பேருக்கும் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை. ஞாயிறு காலை கோவிலுக்கு அதையே கட்டிக்கொண்டு வந்தார்கள், நான்தான் பார்க்கிங்கில் வைத்துக் கொசுவம் சரிசெய்தேன்.

ஸ்டீலர்ஸ்_மருமகன்
ஜூன் 19

அக்கா, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே, குக்கி டேபிளில் எந்தத் தட்டு முதலில் காலி?

பென்ஹில்ஸ்_அம்மா
ஜூன் 19

அதிரசம் அப்படியே திரும்பி வந்தது தம்பி. தேன்குழல் அரை மணி நேரத்தில் காலி. நாத்தனார் மட்டும் லேடி லாக் பன்னிரண்டு டப்பாவில் போட்டுத் திருச்சிக்கு எடுத்துப்போயிருக்கிறார், உள்ளே கிரீம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இன்னும் போன் வரவில்லை.